மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய பழைய பெயிண்டைக் கீறல் விழாமல் எடுப்பது எப்படி?

பழைய தொட்டி ஒன்று கைக்கு வருகிறது. பின்பக்கக் கண்ணாடியில் யாரோ எப்போதோ அடித்த நீலப் பெயிண்ட் பாதி உரிந்து, பாதி ஒட்டிக்கொண்டு, திட்டுத் திட்டாக நிற்கிறது. ஒரு பிளேடும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். பிளேடு வேண்டியதுதான், நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். தவறிப்போவது வேலையின் வரிசை.

நான் சுத்தம் செய்த தொட்டிகளிலும், புதிதாகச் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோதும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டேன். பழி பிளேடு மேல் விழுகிறது. ஆனால் கண்ணாடியைக் கீறுவது பெரும்பாலும் பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொண்ட மணல்தான். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அப்படி ஒரே ஒரு மணல் பருக்கை பிளேடோடு சேர்ந்து நகர்ந்தால், எவ்வளவு மென்மையாகத் தள்ளினாலும் கோடு விழுந்துவிடும். அதனால்தான் கீழே சுரண்டுவது ஏழாவது படியாக வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. கண்ணாடியா, அக்ரிலிக்கா என்று முதலில் பாருங்கள்

இங்கே சொல்லும் முறை கண்ணாடித் தொட்டிக்கு மட்டும். அக்ரிலிக் தொட்டியில் இரும்பு பிளேடு பட்டால் முதல் தள்ளலிலேயே பள்ளம் விழும். அசிட்டோனோ தின்னரோ பட்டால் மேற்பரப்பு வெளுத்து, உள்ளே மயிர்போன்ற வெடிப்புகள் ஓடும். அதைச் சரிசெய்யவே முடியாது.

வித்தியாசம் தெரிந்துகொள்வது சுலபம். மூலையைப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் ரப்பர் மாதிரி சிலிக்கான் பட்டை இருந்தால் அது கண்ணாடித் தொட்டி. சிலிக்கானே இல்லாமல், இரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தது போல மூலை இருந்தால் அக்ரிலிக். விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி 'டிங்' என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். அக்ரிலிக் மந்தமாக 'தட்' என்னும். தொட்டுப் பார்த்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும்.

அக்ரிலிக் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, விரலாலும் மெத்தென்ற துணியாலும் மட்டும் எடுங்கள். வராத பெயிண்டை அப்படியே விட்டு, அதன்மேலேயே புதுப் பெயிண்ட் அடிப்பது நல்லது.

2. பெயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது, என்ன வகை?

பொதுவாகப் பெயிண்ட் வெளிப்பக்கம்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் நகத்தைக் கண்ணாடியில் வைத்து, பெயிண்ட் முடியும் ஓரத்தின் குறுக்கே இழுங்கள். வெளியிலிருந்து இழுக்கும்போது நகம் தட்டினால் வெளிப்பக்கம். உள்ளே இருந்தால் வேலை வேறு விதம். அதற்கு 11-ஆம் பகுதிக்குப் போங்கள். ஆனால் நடுவில் உள்ளவற்றையும் படித்துவிட்டுப் போங்கள்.

அடுத்து, வகை. பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து, ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்தி வைத்துத் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தாலோ, பெயிண்ட் பிசுபிசுத்தாலோ அது தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் அல்லது அக்ரிலிக் பெயிண்ட். பஞ்சு சுத்தமாக இருந்தால் எனாமல், அல்லது நன்றாகக் காய்ந்து இறுகிய ஸ்பிரே பெயிண்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரை நிமிடச் சோதனைதான். ஆனால் இதைச் செய்யாததால் எத்தனையோ பேர், வெந்நீருக்கே உரியக்கூடிய பெயிண்டுக்கு முதல் காரியமாகத் தின்னரை ஊற்றுகிறார்கள். பெயிண்ட் கரைந்து, சேறு மாதிரி ஆகி, கண்ணாடி முழுக்கப் பரவி, சிலிக்கான் ஓரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். தோலாக உரிந்து வரவேண்டியதைக் குழம்பாக்கிவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருப்பது பெரிய வேதனை.

பின்னால் ஒட்டியிருப்பது பெயிண்டாக இல்லாமல் ஸ்டிக்கர் படமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். மிச்சமிருக்கும் பசையை ஆல்கஹால் பார்த்துக்கொள்ளும்.

3. கையோடு எடுத்து வைக்க வேண்டியவை

- ஒற்றை முனை சவர பிளேடு பொருத்தும் சிறிய சுரண்டி. பிளேடு அகலம் 4 செ.மீ. அளவு போதும்.
- புது பிளேடுகள், குறைந்தது பத்து.
- தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு.
- வெள்ளை வினிகர்.
- ஐசோபுரொபைல் ஆல்கஹால்.
- இரண்டு பழைய துண்டு, அவற்றை மூடும் அளவுக்கு பிளாஸ்டிக் தாள்.
- மாஸ்கிங் டேப், பழைய டூத் பிரஷ், முனை தட்டையான மரக்குச்சி.
- கனமான ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் மூக்குக் கண்ணாடி, தடிமனான போர்வை அல்லது ஃபோம் மெத்தை.

பெரிய அகலமான சுரண்டி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். முடியாது. அகலம் கூடக் கூட, பிளேடு முழுதும் கண்ணாடியில் சமமாகப் படியாது. கை கொஞ்சம் சாய்ந்தாலும் முழு அழுத்தமும் ஒரு மூலையில் விழும், அந்த மூலைதான் கோடு போடும்.

பிளேடுகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2 அடித் தொட்டியின் ஒரு பக்கத்துக்கே நான்கைந்து பிளேடு ஆகும்.

பெயிண்ட் மிகப் பழையது, எந்தக் காலத்தது என்றே தெரியாது என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அப்படிப்பட்டதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. தூசி மூச்சோடு உள்ளே போகும். எப்போதும் ஈரமாக வைத்தே எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

4. தொட்டியைக் காலி செய்து படுக்க வையுங்கள்

மீனோடும் தண்ணீரோடும் இருக்கும் தொட்டியில் இந்த வேலை வேண்டாம். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள தொட்டியிலேயே ஏறக்குறைய 65 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் கண்ணாடியை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து நீங்கள் ஒரு பிளேடால் அழுத்துவது நல்லதல்ல.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. ஏர் பம்ப் அறையிலிருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழாக விடுகிறது. அந்த அறையில் தின்னர் வாசம் இருந்தால் அதுவும் தண்ணீருக்குள் போகும். அதனால் பக்கத்தில் வேறு தொட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த வேலையை வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

காலி செய்த தொட்டியில் மணல், கல், ஹீட்டர், வடிகட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒரு பருக்கைகூட இல்லாமல் கழுவுங்கள். தரையில் சமமான இடத்தில் போர்வையை விரித்து, முன்பக்கக் கண்ணாடி கீழேயும் பெயிண்ட் உள்ள பின்பக்கம் மேலேயும் இருக்கும்படி தொட்டியைப் படுக்க வையுங்கள். 4 அடித் தொட்டி என்றால் இரண்டு பேர் பிடியுங்கள். ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் தொட்டி முறுக்கும். முறுக்கினால் சிலிக்கான் பிரியும்.

படுக்க வைப்பது வெறும் வசதிக்காக மட்டும் இல்லை. நிற்கும் கண்ணாடியில் தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும். படுத்த கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். அடுத்து வரும் எல்லாப் படிகளும் அந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கின்றன.

5. பெயிண்டைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைக் கழுவுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். "எப்படியும் சுரண்டப்போகிறோம், எதற்குக் கழுவ வேண்டும்?" என்று கேட்பார்கள்.

பழைய தொட்டியின் பின்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயிண்டின் மேல் மங்கலாகத் தூசி படிந்திருக்கும். மேல் ஓரத்தில், தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில், வெள்ளையாக உப்புக்கறை கோடு கோடாக இறங்கியிருக்கும். அந்த உப்புக்கறை மீது விரலை வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். உப்புக்கறை கண்ணாடியைவிட மிருதுதான். ஆனால் அது காயும்போது பக்கத்தில் இருந்த மணல் துகள்களையும் பிடித்துவைத்துக்கொண்டு காய்கிறது. அந்த நறநறப்பு முழுதும் நாளைக்கு உங்கள் பிளேடுக்கு அடியில் வரப்போகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் 3 அடித் தொட்டி ஒன்றை வாங்கி, அப்படியே காய்ந்த நிலையில் சுரண்ட ஆரம்பித்தார். பெயிண்ட் நன்றாகவே வந்தது. கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தபோது, கண்ணாடியில் அவருடைய கை போன வழியிலேயே வில் போல வளைந்த கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு. ஒரே பருக்கை பிளேடில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு தள்ளலிலும் கூடவே போயிருக்கிறது. அவர் அழுத்தியதுகூட இல்லை.

எனவே முதலில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, தேய்க்காமல், தூசியை அடித்துக் கழுவுங்கள். தேய்த்தால் அந்த மணலே துணியில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். அப்புறம் உப்புக்கறை உள்ள இடங்களில் வினிகர் நனைத்த காகிதத் துண்டுகளைப் போட்டு 20 நிமிடம் விடுங்கள். வினிகரின் அமிலம் கறையிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். சின்னக் குமிழ்கள் வருவதைப் பார்க்கலாம். கறை தடிமனாக இருந்தால் காகிதத்தை மாற்றி இன்னொரு முறை. பிறகு டூத் பிரஷால் லேசாகத் தட்டிவிட்டு, மறுபடியும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

ப்ளீச்சிங் திரவம் ஏதாவது அதே இடத்தில் போட்டிருந்தால், அது முழுதும் போகும்வரை வினிகரைக் கொண்டு வராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

கழுவி முடித்ததற்கு அடையாளம்: உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்து நகர்த்தினால் பெயிண்டின் மேடு பள்ளம் தெரியலாம், நறநறப்பு தெரியக் கூடாது.

6. ஊறவையுங்கள்

வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு சோப்பு கலந்து, துண்டை நனைத்துப் பெயிண்ட் முழுதையும் மூடுங்கள். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். தாள் இல்லாவிட்டால் ஓரம் முதலில் காய்ந்துவிடும். வேலை கடினமான இடமே ஓரம்தான்.

தண்ணீரின் சூடு கை தாங்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் கண்ணாடி பிளந்துவிடும். பெயிண்ட் எடுக்கிறவர்கள் மரத்துக்கும் இரும்புக்கும் பயன்படுத்தும் ஹீட் கன்னையும் இதே காரணத்துக்காகத் தொடாதீர்கள். ஒரே இடத்தில் சூடு குவியும்போது விரிசல் எப்போது ஓடும் என்று சொல்லவே முடியாது. ஹேர் டிரையர் பரவாயில்லை, அதுவும் ஒரே இடத்தில் நிறுத்தாமல்.

எமல்ஷன் வகை பெயிண்ட் பெரும்பாலும் இந்த ஒரு ஊறலிலேயே தளர்ந்துவிடும். துண்டை எடுத்ததும் ஓரத்தை நகத்தால் தள்ளிப் பாருங்கள். ரப்பர் போலச் சுருண்டு வந்தால் பிளேடு எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எனாமல் இப்படிச் சுருளாது. ஆனாலும் ஏற்கெனவே விரிசல் விட்ட இடங்களில் தண்ணீர் அடியில் புகுந்து பிடிப்பைத் தளர்த்தும். அதனால் எந்த வகையானாலும் ஊறவைத்தே தொடங்குங்கள்.

7. சுரண்டுவது

புது பிளேடைப் பொருத்துங்கள். பொருத்துமுன் அதன் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதிலேயேகூடச் சில பிளேடுகளில் பிசிறோ துரும்பளவு துருவோ இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். கையுறையும் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எனாமல் துண்டுகள் சில சமயம் பட்டென்று தெறிக்கும்.

கண்ணாடி மேல் சோப்புத் தண்ணீரை நிறையத் தெளியுங்கள். பிளேடைக் கண்ணாடியில் 30 டிகிரி அளவு சாய்த்து, அதன் முழு அகலமும் படியும்படி வையுங்கள். சாய்வு இதைவிட நிமிர்ந்தால் பிளேடு பெயிண்டுக்கு அடியில் புகாமல் மேலே குத்தும். ரொம்பப் படுத்தால் பெயிண்ட் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது உங்களை விட்டு விலகும் திசையில், நேர்கோட்டில், ஐந்தாறு செ.மீ. தள்ளுங்கள். நிறுத்துங்கள். பிளேடைத் தூக்குங்கள். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வையுங்கள்.

தூக்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தள்ளும்போது பெயிண்டும் அதிலுள்ள குப்பையும் பிளேடுக்கு முன்னால், மேல்பக்கம் சேர்கின்றன. அதே பிளேடைக் கண்ணாடியை விட்டு எடுக்காமல் பின்னால் இழுத்தால், முன்னால் கிடந்த குப்பை முனைக்கு அடியில் மடங்கிப் போகும். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது நம் கைக்கு இயல்பாக வரும் பழக்கம். புதிதாகச் செய்கிறவர்களிடம் நான் பார்த்த கீறல்களில் பெரும்பாலானவை அந்தப் பின்னிழுப்பில் விழுந்தவைதான்.

மூன்று நான்கு தள்ளலுக்கு ஒரு முறை பிளேடை ஈரத் துணியில் துடையுங்கள். அந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்து, உரிந்த பொருக்குகளை ஒதுக்கித் தள்ளுங்கள். அவற்றைக் கண்ணாடி மேலேயே குவித்துவைத்து, அவற்றின் மேல் வேலை செய்யாதீர்கள்.

காதைக் கொடுங்கள். நல்ல பிளேடு, நல்ல ஈரம், சுத்தமான கண்ணாடி என்றால் 'சர்ர்' என்று ஒரே சீரான மெல்லிய சத்தம் வரும். நடுவில் 'கிறீச்' என்றோ, கையில் பொடிப் பொடியாக அதிர்வோ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் ஒரு தள்ளல் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். பிளேடைத் தூக்கி, முனையைப் பார்த்து, இடத்தைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தது. கண் பார்ப்பதற்கு முன்னால் கையும் காதும் கீறலைக் கண்டுபிடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் இது உங்களுக்கே பழகிவிடும்.

அழுத்தம் கூட்ட வேண்டியிருந்தால் அதுவும் ஓர் அடையாளம்தான்: பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது ஊறியது போதவில்லை. பிளேடை மாற்றுங்கள், இல்லையென்றால் துண்டைத் திரும்பப் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். இரண்டும் இல்லாமல் தோள் பலத்தைப் போட்டால் பிளேடு வழுக்கி, ஒன்று சிலிக்கானை வெட்டும், இல்லையென்றால் உங்கள் மற்றக் கையை.

டெம்பர்டு (சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய) கண்ணாடி என்று ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டியானால் கூடுதல் கவனம் வேண்டும். சூளையில் பதப்படுத்தும்போது சில கண்ணாடிகளின் ஒரு முகத்தில் மிக நுண்ணிய துகள்கள் பதிந்து நின்றுவிடும். பிளேடு அந்தத் துகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் கோடு விழும். அங்கே ஒரு மூலையில் இரண்டு செ.மீ. மட்டும் சுரண்டி, நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கோடு தெரிந்தால் பிளேடை விட்டுவிட்டு ஆல்கஹாலும் பிளாஸ்டிக் சுரண்டியும் வைத்தே முடியுங்கள்.

இடையில் வேலையை நிறுத்தி மறுநாள் தொடர்வதென்றால், அந்த ஈரமான பிளேடை எடுத்து எறிந்துவிடுங்கள். ஒரே இரவில் துரு பிடிக்கும். துருப்பிடித்த முனை ரம்பம் மாதிரி.

8. ஓரமும் சிலிக்கானும்

கண்ணாடியின் நடுப்பகுதி முடிந்ததும் ஓரங்களுக்கு வாருங்கள். ஓரத்தை முதலில் செய்யாதீர்கள். அதற்குள் பிளேடு உங்கள் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

பின்கண்ணாடி பக்கக் கண்ணாடியோடு சேரும் இடுக்கில் இருக்கும் சிலிக்கான்தான் தொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியே பிதுங்கிய சிலிக்கான் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பிளேடின் மூலை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் நுழைந்தால் அது தொட்டியின் உயிர்நாடியில் விழுந்த வெட்டு. அதனால் ஓரத்துக்குச் செங்குத்தாக, ஓரத்தை நோக்கித் தள்ளாதீர்கள். ஓரத்துக்கு இணையாக, நீளவாக்கில் தள்ளுங்கள். கை தவறினாலும் பிளேடு கண்ணாடி மேல்தான் ஓடும்.

சிலிக்கான் மேலேயே ஒட்டியிருக்கும் பெயிண்டுக்குப் பிளேடே வேண்டாம். சிலிக்கானில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. ஈரமான டூத் பிரஷால் தேய்த்தால், அல்லது மரக்குச்சியின் தட்டையான முனையால் உருட்டினால், உருண்டை உருண்டையாக வந்துவிடும். பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியில் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய பெயிண்டுக்கும் இந்த மரக்குச்சிதான்.

9. அசையாத பெயிண்டுக்கு மட்டும் ரசாயனம்

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சியிருக்கும் திட்டுகளுக்கு மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஆல்கஹால்: பஞ்சில் நனைத்துத் திட்டின் மேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் துண்டைப் போட்டு பத்து நிமிடம் விட்டு, சுரண்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அசிட்டோன்.

அசிட்டோனைக் கண்ணாடி மேல் ஊற்றாதீர்கள். துணியில் எடுத்துத் திட்டின் மேல் மட்டும் ஒற்றுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ. விட்டு, சிலிக்கானையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் முன்கூட்டியே மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் உருகி வெளுத்துவிடும்; அந்தத் தழும்பு போகாது. டர்பன்டைன், தின்னர் போன்றவை சிலிக்கானுக்குள் ஊறி அதை உப்பவைக்கும். அவற்றை ஓரத்தில் தேங்கவிடுவது தொட்டியின் பிடிப்பையே பாதிக்கும்.

அசிட்டோன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும்; காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவும். அடுப்பு, சிகரெட், ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மெல்லிய ஒருமுறைக் கையுறைகள் அசிட்டோனுக்குச் சில நிமிடங்கள்கூடத் தாங்காது, கனமானதையே போடுங்கள்.

கடையில் கிடைக்கும் கெட்டியான பெயிண்ட் ரிமூவரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வகைகளில் இருந்த மெத்திலீன் குளோரைடு உயிருக்கே ஆபத்தானது. பொதுமக்களுக்குப் பெயிண்ட் ரிமூவராக அதை விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. சிலிக்கானுக்கும் அது ஆகாது. கண்ணாடியில் பெயிண்டுக்கு அந்த அளவுக்குப் போகவேண்டிய அவசியமே வராது.

இரும்பு நார், உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மூன்றும் வேண்டாம். இவை விடும் கீறல்கள் தனியாகத் தெரியாது. ஆனால் விளக்குப் போட்டதும் கண்ணாடி முழுதும் புகை மூட்டம் போலத் தெரியும்.

10. மிச்சப் படலம்

பெயிண்ட் போய்விட்டது போலத் தெரியும்போது இன்னும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கி, தொட்டிக்குள் ஒரு டார்ச்சை வைத்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சொரசொரப்பான புள்ளிகளும் பிளேடு விட்டுப்போன வரிகளும் பளிச்சென்று தெரியும்.

அந்த இடங்களில் மட்டும் புது பிளேடால் இரண்டு தள்ளல். பிறகு ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் முழுக் கண்ணாடியையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரவங்கள் வேண்டாம். அம்மோனியா மீனுக்கு விஷம். எதற்கு அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டும்?

கீறல் ஏதாவது விழுந்திருந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லையென்றால் கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் குறையும். நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். ஆழமான கீறலைத் தேய்த்து எடுக்கப் போனால் அந்த இடத்தில் கண்ணாடி குழிந்து, பார்வை நெளியும். பின்பக்கம் என்றால் புதுப் பெயிண்டோ திரையோ அதை மறைத்துவிடும்.

11. பெயிண்ட் உள்பக்கம் இருந்தால்

முறை அதேதான், மூன்று மாற்றங்களோடு. சோப்புக்குப் பதில் வெறும் தண்ணீர் மட்டும். வெளிப்பக்கம் சோப்பு மிஞ்சினால் ஒன்றுமில்லை; உள்ளே சிலிக்கான் ஓரத்தில் தங்கிய சோப்பு பின்னால் தண்ணீரில் கலக்கும். ரசாயனம் என்றால் ஆல்கஹாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசிட்டோன், தின்னர் உள்ளே வேண்டாம். மூன்றாவது, உள்மூலையில் ஓடும் சிலிக்கான் பட்டையில் பிளேடு படவே கூடாது. அங்கே வெட்டு விழுந்தால் தண்ணீர் நேராக அதற்குள் போகும்.

முடிந்ததும் தொட்டியை இரண்டு நாள் காற்றாட வையுங்கள். பிறகு நிரப்பி, ஒரு நாள் விட்டு, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்த பின் முகர்ந்து பாருங்கள். வாசம் இருந்தால் இன்னும் சில நாள் காத்திருங்கள். மீன் விடும் அவசரம் எதுவும் இல்லை.

உள்ளே இருப்பது இறுகிய எபாக்சி பெயிண்ட் (இரண்டு பொருள்களைக் கலந்து அடித்து இறுகவிடும் வகை), எங்கும் உரியாமல் உறுதியாக நிற்கிறது என்றால் அதை விட்டுவிடலாம். அதை எடுக்கும் முயற்சியில் சிலிக்கானைக் கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

12. உரித்ததை என்ன செய்வது

பொருக்குகளைக் காகிதத்தில் அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் கழுவிவிட்டால் அவை அடுத்த வளைவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஈயம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தனிப் பையில் கட்டி, உங்கள் ஊரில் ஆபத்தான கழிவுகளை வாங்குகிற இடத்தில் கொடுங்கள். அசிட்டோன் துணியைப் பந்தாகச் சுருட்டிப் போடாமல், வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள். பழைய பிளேடுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பை அள்ளுகிறவரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

13. கசிவு பாருங்கள்

வெளியில்தானே வேலை செய்தோம் என்று இதை விட்டுவிட வேண்டாம். தொட்டியைப் படுக்க வைத்திருக்கிறோம், திருப்பியிருக்கிறோம், ஓரத்தில் பிளேடு ஓட்டியிருக்கிறோம். சமமான, கசிந்தால் பாதகமில்லாத இடத்தில் தொட்டியை வைத்து, அடியில் உலர்ந்த செய்தித்தாளை நான்கு பக்கமும் வெளியே தெரியும்படி விரியுங்கள். கால் பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், பாதி நிரப்பி ஒரு மணி நேரம், அப்புறம் முழுதும் நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். ஒரேயடியாக நிரப்பினால், பிரச்சினை இருக்கும்போது வெளியே வருவது முழுத் தொட்டித் தண்ணீர்.

செய்தித்தாளில் ஈரம் தெரிந்தால், எந்த மூலையில் என்று குறித்துக்கொண்டு தண்ணீரை இறக்குங்கள். அந்த மூலையில் பழைய சிலிக்கானை நீக்கிப் புதிதாக அடைக்காமல் அந்தத் தொட்டியில் மீன் விடக் கூடாது.

14. மறுபடி பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா?

பழைய பெயிண்ட் உரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பெயிண்டின் தரம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோ உப்புக்கறையோ இருந்த கண்ணாடியில் அடித்ததுதான். இப்போது உங்கள் கண்ணாடி அது புதிதாக இருந்த நாளைவிடச் சுத்தமாக இருக்கிறது. கசிவு பார்த்துக் காய்ந்ததும் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடையுங்கள்; அதற்கு அப்புறம் விரலால் தொடாதீர்கள், விரல் ரேகையிலேயே எண்ணெய் இருக்கிறது.

எமல்ஷன் அல்லது அக்ரிலிக் பெயிண்டை ஸ்பாஞ்சு உருளையால் மெல்லிய கையாக (பூச்சாக) மூன்று முறை அடியுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. தடிமனாக ஒரே கையில் அடித்தால் மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்கும். ஓரங்களில் சிலிக்கான் மேல் ஏறாமல் டேப் ஒட்டி, கடைசிக் கை முழுதும் காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் பெயிண்டும் தோலாகச் சேர்ந்து வரும். எனாமலைவிட இதை நான் விரும்பக் காரணம், என்றைக்காவது நிறம் மாற்றத் தோன்றினால் ஈரத் துண்டும் ஒரு மணி நேரமும் இருந்தால் இதைத் திரும்ப எடுத்துவிடலாம்.